சின்ன சைஸில் வந்த படங்கள்

அம்மா கொழும்பில் இறந்தபோது நான் மெல்பேர்னில், நோபல் பார்க் என்ற புறநகரில், பிரிட்ஜிங் விசாவில் இருந்தேன். அந்த விசாவில் நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி வர முடியாது. அகதி வழக்கு முடியும்வரை அப்படித்தான் என்று லோயர் சொன்னார், பஸ் கொஞ்சம் பிந்தும் என்பதுபோல.

எனக்கு மிச்சமிருந்தது படம்தான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குச் செத்தவீட்டைப் படம் எடுத்து அனுப்புவது எங்கள் ஆட்களிடம் வழக்கமாகிவிட்டிருந்தது. அக்காவிடம் நான் முன்பு ஆள் மூலம் கொடுத்தனுப்பிய டிஜிட்டல் கமரா இருந்தது. வருடக்கணக்காகக் காணாத அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை வடிவாகப் பார்க்க வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

தகனத்துக்கு முன் அக்காவைப் போனில் பிடித்தேன்.

"மெனுவைத் திறவுங்கோ அக்கா. சைஸ் எண்டு இருக்கும், அதில லார்ஜை அமத்துங்கோ. கீழ குவாலிட்டி எண்டு கிடக்கும். அதை ஃபைனில வையுங்கோ."

"லார்ஜ் எண்டா கொஞ்சப் படம்தான் எடுக்கலாம் எண்டு காட்டுதடா. சனம் நிறைய வந்திருக்கு."

"சனத்தை ஆர் பார்க்கப் போறது? அம்மாவை எடுங்கோ."

"ஓம், வைச்சிட்டன்."

மறுநாள் ஈமெயிலில் படங்கள் வந்தன. எல்லாம் தள்ளி நின்று எடுத்தவை, எல்லாம் சின்னஞ்சிறிசு. மாலை தெரிந்தது, பட்டுச்சேலை தெரிந்தது. முகத்தைப் பெரிதாக்கினேன். அது கட்டம் கட்டமாக உடைந்தது. கண் எது, வாய் எது என்று எனக்கே தெரியவில்லை. கோபம் தலைக்கேறி அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"ஒரு லார்ஜை வைக்கத் தெரியாதோ உங்களுக்கு? படிச்சுப் படிச்சுச் சொன்னனானே!"



"வைச்சனான்தான். பிறகு, படம் எடுக்க முந்தி, நான்தான் திரும்பச் சின்னனாக்கினனான். உன்னை எனக்குத் தெரியும், நீ பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்ப்பாய். நோய் வருத்தம் அம்மாவை உருக்குலைச்சுப் போட்டுதடா. நாங்கள் இஞ்ச எல்லாரும் சேர்ந்து கிடந்து அழுதனாங்கள். நீ அங்க தனிய இருந்து அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம்."

ஒரு நாடு என்னைப் போய்வர விடவில்லை. அக்கா பார்க்கவும் விடவில்லை. அதுவும் பாசத்தில், அதனால் திட்டவும் வழியில்லை. அப்படியும் அந்த நேரம் அக்காவை வெறுத்தேன். இன்னொரு படம் எடுங்கோ என்று கேட்க வாயெடுத்தேன். அம்மாவை முதல்நாளே எரித்துவிட்டார்கள்.