ஒப்புதல் கேட்கப் போன மதியம்

சென்னையில் படைப்பெழுத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் இதைச் சொன்னபோது, "கத எழுதறதுக்குக் கூட டாக்டர் பட்டம் தராங்களா?" என்று அம்மா சிரித்தாள். பத்துச் சிறுகதைகள் எழுத வேண்டும். ஒவ்வொரு காட்சியும் எங்கிருந்து வந்தது, ஏன் அப்படி எழுதினேன் என்று ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையும் தர வேண்டும்.

ஏழாவது கதையை எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை வைத்து எழுதியிருந்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர். நான் பள்ளியில் படித்தபோது, அவரும் தங்கையும் வந்த படகு ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்தது. தங்கை போய்விட்டாள். "அலை இழுத்துக்கிச்சி" என்றார் பெரியம்மா. தங்கையின் மகளை அவர்தான் வளர்த்தார்.

கதையை வெறும் அலையோடு முடித்தபோது சப்பென்று இருந்தது. ஆகவே ஒரு காட்சியை நானே சேர்த்தேன். அக்கா ஒரு கையால் படகின் விளிம்பையும் மறு கையால் தங்கையையும் பிடித்திருக்கிறாள். தண்ணீர் மூக்குக்கு மேல் ஏறும்போது அக்காவே தங்கையைப் பிடித்த விரல்களைத் திறந்துவிடுகிறாள். என் நெறியாளர் அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் "இதுதான் கதை" என்று எழுதினார். கட்டுரையில் நான் அதை "முழுக்கக் கற்பனை" என்று குறிப்பிட்டேன்.

உயிரோடிருப்பவரை வைத்து எழுதியதால் ஒப்புதல் படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னது பல்கலைக்கழகக் குழு. பொன்னேரி வரை ரயில், பிறகு பஸ். மதியம் பெரியம்மா வாசலில் உட்கார்ந்து இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பெயர் மட்டும் போடுவார். நான் வாசித்தேன். படகு கவிழும் இடம்வரை "ஆமா, ஆமா" என்றார்.

விரல்கள் திறக்கும் வரியில் அவர் கை நின்றது.

"யாருடி சொன்னது ஒனக்கு?"

"யாரும் சொல்லல பெரிம்மா. நானா யோசிச்சி எழுதனது."

"பொய் சொல்லாத. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. சாமிகிட்ட கூட சொல்லல."

அவர் சொன்னது என்னவென்று எனக்குப் புரிய நேரம் பிடித்தது. கற்பனை என்று நான் சத்தியம் செய்யச் செய்ய, அவர் முகம் இன்னும் வெளுத்தது.

"யோசிச்சாலே தெரியுதுன்னா, ஊருக்கே தெரிஞ்சிருக்கும்ல? அந்தப் பொண்ணுக்கும் தெரிஞ்சிருக்குமா?"

படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

திரும்பியதும் அந்தக் கதையை ஆய்வேட்டிலிருந்து நீக்கினேன். நெறியாளர் திகைத்துப்போனார். "இருக்கறதிலேயே நல்ல கதை அதும்மா! ஏன்?" உண்மைக் காரணத்தைச் சொன்னால் ரகசியம் வெளியே போய்விடும். "ஒப்புதல் கிடைக்கல மேடம்" என்றேன். ஒன்பது கதைகளே போதுமென்று பட்டம் கொடுத்தார்கள். கற்பனைக்கும் சான்றுக்கும் உள்ள எல்லையைப் பற்றி நான் எழுதிய அத்தியாயத்தை வாய்மொழித் தேர்வில் பாராட்டினார்கள். நாற்காலியில் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்துப் பெரியம்மாவே போன் செய்தார். மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போகிற தங்கை மகளைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

"இன்னா சொன்னா?" என்றேன் பதறிப்போய்.

"எழுந்து போயிட்டா. ஒரு மாசம் வரல. நேத்து வந்தா. சோறு போடுன்னா, போட்டேன். பாதி சாப்பிட்டா."

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். இந்த முறை படிவம் எதுவும் இல்லை.

"அவகிட்டயும் கேட்டுட்டேன். எழுதிக்கோ. பேரு மட்டும் போடாத" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "இனிமே எங்களப் பத்தி எதுவும் யோசிக்காதடி" என்றார்.