காய்ச்சல் என்று எழுதியிருக்கலாம்

சேலையூரில் எங்கள் வீடு ஒற்றைத் தளம். துணி காய மொட்டை மாடியில் நாலு கம்பி நட்டுத் தகரம் போட்டிருந்தோம். வீட்டு வரியை உயர்த்தி வந்த நோட்டீஸில் அதையும் ஒரு மாடியாக்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, "காத்தடிச்சா தான் யார் வீட்டு மாடின்னு அதுக்கே தெரியாது. இதுக்குப் போய் வரியா?" என்றார். மனுவில் அதையே எழுதிவிடலாமா என்று எனக்கு ஆசை.

ஆட்சேபணை கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள். நானோ அரசு அலுவலக உதவியாளர்; அந்நேரம் என் நாற்காலியில் இருந்தாக வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் லீவு லெட்டர் என்றாலே காய்ச்சல்தான். கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், கேஸ் சிலிண்டர் வந்தாலும் காய்ச்சல். நான்தான் பெரிய இவளாட்டம், 'வீட்டு வரி விசாரணைக்குச் செல்ல வேண்டியிருப்பதால்' என்று எழுதி நீட்டினேன்.

சூப்பரின்டெண்ட் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, ஆடிட் வாரத்துல சொந்த வேலைன்னு எழுதினா எப்படிக் கையெழுத்து போடறது? காய்ச்சல்னு இருந்தா கேள்வியே கேக்க மாட்டேன்."

"சரி சார், மாத்தி எழுதித் தரேன்."

"இப்பதான் எனக்குத் தெரிஞ்சு போச்சே!"

"ஒரு மணி நேரம் பர்மிஷனாவது?"

"கேம்ப் ரோட்டு டிராஃபிக்குல யூ-டர்ன் எடுக்கவே அது பத்தாதும்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. "அரசாங்கக் கேஸுல சாட்சி சொல்லப் போனா ஆன் டூட்டி தரீங்க. என் வீட்டுக்கு நான் சாட்சி சொல்லக் கூடாதா சார்?"

"நியாயம்தாம்மா. ரூல்ல இல்லையே."

செவ்வாய் பதினோரு மணிக்கு ஆடிட்டுக்கு ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் காய்ச்சல் என்று எழுதினேன். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்து விழுந்தது. வரி அலுவலகத்துக்கு ஓடினேன். "ஆள் வரலைன்னு எழுதி உத்தரவு போட்டாச்சே மேடம்" என்றார் அங்கிருந்த கிளார்க்.

"லீவு கிடைக்கலைங்க. நானும் கவர்மென்ட்தான்."

"அப்புறம் என்ன மேடம், ஒரு காய்ச்சல் போட்டுட்டு வர வேண்டியதுதானே!"

அழுகையா ஆத்திரமா என்று தெரியாமல் நின்றேன். மேல்முறையீட்டு மனுவை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அதற்கும் வேலை நாளில்தான் கூப்பிடுவார்களாம். அதுவரை தகரம் மாடிதான்.

மறுநாள் சூப்பரின்டெண்ட் கேட்டார்: "காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?"

"விடலை சார். இன்னொரு நாள் கண்டிப்பா வரும்."

அவர் ஃபைலிலிருந்து நிமிரவில்லை. "ஆடிட் இல்லாத வாரமா பாத்து வரச் சொல்லுங்க."