தனிமைக்கு ஒன்பது மார்க்

குன்னூரில் ஒரு தேயிலை ஏலத் தரகர் அலுவலகத்தில் பதினேழு வருடம் வாயை வைத்துப் பிழைத்தவன் நான். பேசிப் பிழைத்தேன் என்று நினைக்க வேண்டாம். ருசி பார்த்துப் பிழைத்தேன். நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, பக்கத்துக் கட்டிடத்துக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, தொட்டியில் துப்பிவிட்டு, பத்துக்கு இத்தனை மார்க் என்று சொல்ல வேண்டும். இரண்டு என்றால் கழிசல். ஐந்து என்றால் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போகும். ஒன்பது என்றால் எங்கோ ஒரு எஸ்டேட் மேனேஜர் அன்று நன்றாகத் தூங்குவார். பத்து நான் எதற்கும் போட்டதில்லை. கர்வம் அவ்வளவு. பழக்கமும் அவ்வளவுதான், ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தைச் சத்தமாக உறிஞ்சிவிட்டுத் துப்புவதற்குத் தொட்டி தேடியிருக்கிறேன்.

நாற்பத்திரண்டாவது வயதில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அது நிணநீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய் என்றார்கள். குணமாகிற வகைதான், ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மலையிறங்கி வந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், மொத்தம் ஆறு தடவை.

மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பு டாக்டர் ஒரு விஷயம் கேட்டார்.

"இந்த மருந்துக்கு அப்புறம் குழந்தை பிறக்கறது கஷ்டமாகலாம். வேணும்னா முன்னாடியே விந்தணுவ எடுத்து உறைய வெச்சுப் பாதுகாக்கலாம். வீட்ல கலந்து பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க."

வீட்டில் கலந்து பேசுவதென்றால் என் கேஸ் அடுப்போடும் ரேடியோவோடும்தான் நான் பேசியிருக்க வேண்டும். கல்யாணம் ஆகவில்லை. அம்மா போய்ப் பல வருடம். அண்ணன் வடக்கே வேலையில் இருந்தான். பொங்கலுக்கு ஒரு கடிதம் போடுவான்.

"ஏலத்துக்கே வராத சரக்குக்கு எதுக்குங்க டாக்டர் குடோன்?" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே தாளில் 'வேண்டாம்' என்பதற்கு நேரே ஒரு கோடு போட்டார். திரும்பி மலையேறும்போது பர்லியாரில் பஸ் நின்றது. எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. முன் சீட்டில் ஒரு குடும்பம் மங்குஸ்தான் வாங்கி வந்து, உடைத்து, ஆளுக்கொரு சுளையாகப் பங்கு போட்டுக்கொண்டது. அந்த அம்மாள் திரும்பி எனக்கும் ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்றேன். அன்றைக்கு அது என் இரண்டாவது வேண்டாம்.

அதே ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மேல்படிப்புக்காக ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அடுத்த தடவை வரும்வரை எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். முப்பது வயதிருக்கும், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. அவர் என்னை அண்ணா என்றார், நான் அவரை சிஸ்டர் என்றேன். என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு ஏழு வரி: சோர்வு, வாந்தி, வலி, வாய்ப்புண், தூக்கமின்மை, கவலை, தனிமை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண் எழுத வேண்டும். அவர் போன் செய்யும்போது படித்துக் காட்ட வேண்டும்.

முதல் பக்கத்தில் இருந்த விளக்கத்தை விரலை வைத்து வைத்துப் படித்தார். எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. பத்துக்கு மார்க் போடுவதைப் பற்றி எனக்குப் பாடமா?

"புரிஞ்சுதுங்களாண்ணா?"

"சிஸ்டர், பத்துக்கு மார்க் போடறதுதானுங்க எம் பொழப்பே."

"அப்ப உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதே இல்லீங்க."

இருவரும் சிரித்துக்கொண்டோம். அவருடைய நோட்டில் பூஜ்யம் என்றால் அந்தத் தொந்தரவு இல்லவே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத அளவு. பச்சைப்பிள்ளைக்கும் புரிகிற விஷயம். நான் தேயிலைக்காரன். முதல் மருந்து ஏறி ஒரு வாரம் கழித்து, வீட்டில் உட்கார்ந்து சோர்வு என்ற வரியைப் பார்த்தேன். அந்த விஷயத்தில் என் உடம்பு கழிசல். இரண்டு என்று போட்டேன். வாய் முழுக்கப் புண், ஒன்று. அடித்துத் திருத்தாமல் அழகாக எழுதினேன்.

ஆறு வரிகளுக்கு என் கணக்குப்படி உள்ளதை உள்ளபடி போட்டேன். ஏழாவது வரியில் மட்டும் பேனா நின்றது. தனிமை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மூடுபனியில் எதிர்ச்சரிவும் தெரியவில்லை, எதிர் வீடும் தெரியவில்லை. தனிமையா, எனக்கா? நான் இருக்கிற இடத்தில் ஆளுக்குப் பஞ்சமா? ஒன்பது என்று போட்டேன். முதல் தரமாக இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த நோட்டில் நான் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அலுவலகத்திலிருந்து மூன்று பேர் ஹார்லிக்சும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். முடி கொட்டிய தலையைக் காட்டி, சீப்புச் செலவு மிச்சம் என்றேன். வாந்தி எடுப்பதை எங்கள் துப்பும் தொட்டியோடு ஒப்பிட்டு ஒரு கதை சொன்னேன். ஒருவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கதவைச் சாத்திய பிறகு, படியிறங்கும் குரல் கேட்டது.

"இவனுக்கென்னங்க, நம்மளவிட நல்லா இருக்கறான். நாமதான் பயந்துட்டு ஓடியாந்தோம்."

அவர்கள் மறுபடி வரவில்லை. வரவேண்டிய அவசியத்தை நானே ஒழித்துக் கட்டிவிட்டேனே.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று கோப்பைகளில் மூன்று தேயிலைகளைப் போட்டு ருசி பார்ப்பேன். ஒன்று நல்ல சரக்கு, ஒன்று நடுத்தரம், ஒன்று குப்பை. மருந்து ஏறிய நாக்கில் மூன்றும் ஒரே தகர ருசியாக இருந்தன. உறிஞ்சும் சத்தம் மட்டும் பழையபடி வந்தது. வீட்டில் வேறு சத்தம் இல்லாததால் அது ரொம்பப் பெரிதாகக் கேட்டது. நாலாவது ஞாயிறோடு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் போன் வரும்.

"சோர்வு எத்தனைங்ண்ணா?"

"ரெண்டு."

"பரவால்லீங்களே. வாந்தி?"

"மூணு."

"வாய்ப்புண்ணு?"

"ஒண்ணு."

"ரொம்ப நல்லாத் தாங்கறீங்கண்ணா. இதே மாதிரி இருங்க."

கஞ்சி விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது, இவர் இதே மாதிரி இருக்கச் சொல்கிறார். நோயாளியைத் தைரியப்படுத்துவதற்கு நர்சிங் படிப்பில் இப்படித்தான் சொல்லித் தருவார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

"தனிமை?"

"ஒம்போது."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் நின்றது.

"ஒம்போதுங்களா?"

"பத்தே போட்டிருப்பனுங்க. அடக்கத்துக்கு ஒண்ணு கொறச்சிருக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்குச் சிரிக்காதவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் வேறு குரலில், "இன்னைக்கு என்ன சாப்ட்டீங்ண்ணா?" என்று கேட்டார். சொன்னேன். ஜன்னலில் என்ன தெரியுது என்றார். பனி தெரியுதுங்க என்றேன். மலை ரயில் போச்சுங்களா என்றார். சத்தம் மட்டும் போச்சு என்றேன். தன் ஹாஸ்டலில் சாம்பார் என்ற பெயரில் ஊற்றுவதைப் பற்றி அவரும் கொஞ்சம் சொன்னார். அந்த சாம்பாருக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். அதற்குச் சிரித்தார்.

அடுத்த வாரமும் கூப்பிட்டார். அதற்கடுத்த வாரமும். எல்லா நோயாளிகளுக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் குளித்து, துவைத்த சட்டை போட்டு, ஸ்வெட்டருக்கு மேல் காலரை எடுத்துவிட்டுக்கொண்டு பத்தரைக்கே போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். போனில் சட்டை தெரியாது என்பது எனக்கும் தெரியும். வாரம் முழுக்க என்னிடம் பேசுகிற ஒரே ஆள் பால்காரரைத் தவிர அவர்தான். பால்காரர் அரை லிட்டரா ஒரு லிட்டரா என்பதற்கு மேல் பேசமாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மழையில் லைன் அறுந்துபோயிற்று. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் ஒன்றுமில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். நோட்டு திறந்தபடி மடியில் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் காது கொடுத்தபோதும் ஒன்றுமில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் மணி அடித்தது.

"நேத்து பூராம் அடிச்சனுங்கண்ணா, எடுக்கவே இல்ல. பயந்துட்டேன்."

"ஃப்ரெண்ட்ஸெல்லாம் வந்துட்டாங்க சிஸ்டர். வெளிய கூட்டிட்டுப் போயிட்டாங்க. உட்டாத்தானே."

அந்த வாரமும் தனிமைக்கு ஒன்பதுதான் படித்தேன்.

நாலாவது தடவை மருந்து ஏற்றிக்கொள்ளப் போயிருந்தேன். கையில் ஊசி, தலைக்கு மேல் பாட்டில். இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கூழாக்கி, தலையை அண்ணாந்து தொண்டைக்குள் சரித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் நோட்டை வாங்க வந்தவர் அப்படியே நின்று பார்த்தார்.

"வாயத் தொறங்கண்ணா."

திறந்தேன். டார்ச் அடித்தார். கொஞ்ச நேரம் டார்ச்சை அணைக்கவே இல்லை.

"வாய்ப்புண்ணு ஒண்ணுன்னுதான சொன்னீங்க?"

"அதாங்க ஒண்ணு. ஜீரோ போட மனசு வரல."

"ஒண்ணுன்னா?"

"கழிசலுக்கும் கழிசலுங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணா, பத்துன்னா உங்களுக்கு என்னங்கண்ணா?"

"முதல் தரம். யாருக்கும் போட்டதில்லைங்க."

சிஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார். அப்போதுதான் படித்தேன். ஒன்பது வாரமாக நான் சாகக் கிடக்கிறேன் என்று சொல்ல, அவர் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நானும் சிரிக்கப் பார்த்தேன், வாய் எரிந்தது.

"மன்னிச்சுக்குங்க சிஸ்டர். உங்க படிப்பக் கெடுத்துட்டேன்."

"படிப்பு கெடக்குதுங்கண்ணா. இந்தப் புண்ணோடயா இத்தன நாளா எங்கிட்டச் சிரிச்சுப் பேசினீங்க?"

பாலில் ஊறிய இட்லியைத் தள்ளி வைத்தேன்.

ஆராய்ச்சி விதிப்படி அவராக எதையும் மாற்றக்கூடாதாம். ஒவ்வொரு வரியையும் அவர் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும், பக்கத்துக்கு ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பத்திலிருந்து கழித்துக்கொண்டே வந்தோம். சோர்வு இரண்டு, எட்டானது. வாந்தி மூன்று, ஏழானது. வாய்ப்புண் ஒன்பது. முதல் வாரத்தின் ஏழாவது வரிக்கு வந்தபோது அவர் முகம் தெளிந்துவிட்டது.

"தனிமை. இதையும் திருப்பினா ஒண்ணுங்கண்ணா. அப்பாடா. இந்த ஒரு வரியப் பாத்துத்தான் நான் வாரா வாரம் கலங்கிட்டு இருந்தேன். மத்தவங்களுக்கெல்லாம் மாசம் ஒரு போன்தானுங்க. தனிமை ஏழுக்கு மேல போனா மட்டும் வாரா வாரம் பேசணும்னு ஏற்பாடு. மத்ததுக்கெல்லாம் மருந்திருக்குது, இதுக்கு இல்லீங்களே. இனி செவ்வாக்கெழம உங்கள நான் தொந்தரவு பண்ண மாட்டேன். ஃப்ரெண்ட்ஸோட நீங்கபாட்டுக்குப் போலாம்."

பேனாவை நீட்டினார். ஊசி இல்லாத கையால் வாங்கினேன்.

ஒன்று என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும். அவருக்கும் நிம்மதி, என் மானமும் அப்படியே இருக்கும். அந்த இடத்தில் சொல்வதற்கு நல்ல ஜோக்காக இரண்டு மூன்று தயாராகவும் இருந்தன. வாயைத் திறந்தேன். ஜோக்கைச் சொல்லாமல் பேனாவை நோட்டின் மேல் வைத்தேன். பாட்டிலில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"அத மட்டும் அப்படியே உட்டுருங்க சிஸ்டர்."

"எதைங்கண்ணா?"

"ஒம்போத."

அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க மார்க்குலீங்களா, எங்க மார்க்குலீங்களா?"

"உங்க மார்க்குல."

"எல்லா வாரமும்ங்களா?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப அன்னைக்கு ஃப்ரெண்ட்ஸெல்லாம் வந்தாங்கன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார். ஏழாவது வரியில் ஒன்பதை மாற்றாமல், பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஒன்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். மடியில் வைத்துப் போட்டதில் ஒன்று இன்னொன்றுபோல இல்லை. எங்கள் அலுவலகமாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். சிஸ்டர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, என் வாய்க்கு மருந்து எழுதச் சொல்ல டாக்டரைத் தேடிக்கொண்டு போனார்.