பயம் இல்லாத வீடு

யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் அண்ணை வீட்டுக் கிணற்றடியில் என் மகள் இரண்டு வாளித் தண்ணீரோடு குளித்து முடிக்கிறாள். மூன்றாவது வாளி அள்ளவே மாட்டாள். நோர்வேயில் பிறந்தவள், பதினைந்து வயது. குழாயைத் திறந்தால் மலைத் தண்ணீர் கொட்டும் அந்த ஊரிலும் அவள் இப்படித்தான். விடுமுறைக்கு வந்து ஒரு கிழமையாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளே, உங்களிலும் சிலருக்கு அவளுடைய பயம் இருக்கலாம்: பூமி சூடாகிறது, பெரியவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று. அதனால்தான் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவனில்லை. பேக்கரியில் மா பிசைகிறவன்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, பாணைத் தொடாமல் இருந்தவள், "அப்பா, நான் பெரியாளாகேக்கை உலகம் எப்பிடி இருக்கும்? யோசிச்சால் நெஞ்சு அடைக்குது" என்றாள். நான் சொன்ன மறுமொழி: "ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லு. எல்லாம் போயிடும்." விசரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்கள் ஷெல்லுக்கே பயப்படேல்லை. நீ ஐஸ் உருகுதெண்டு அழுறாய்!" என்றேன். அதன்பிறகு அவள் தன் மனதில் உள்ள எதையும் என்னிடம் சொல்லவில்லை. சாப்பிட்டியா? ஓம். படிச்சியா? ஓம். மாதக்கணக்காக எங்கள் கதை அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். ஆசிரியை கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, வீட்டில் பயத்தைப் பற்றிக் கதைப்பீர்களா என்று கேட்டார். பிள்ளையைச் சரியாக வளர்க்கிறேனா என்று சோதிக்கிறார் என நினைத்து, "எங்கள் வீட்டில் பயமே இல்லை" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. அவர் முகம் வாடிவிட்டது. மகளைப் பார்த்தார். அவள் யன்னலைப் பார்த்தாள்.

அந்த வாய்ப்பாடு நான் வளர்ந்த இந்தக் கோப்பாய் வளவில் இருந்து வந்தது. போர்க்காலத்தில் பலாமரத்துக்குப் பக்கத்தில், பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பதுங்குகுழி, பங்கர், இருந்தது. ஷெல்லடி தொடங்கினால் அயல்வீட்டுப் பிள்ளைகளும் அதற்குள்தான். பயமாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒன்று சொன்னால் மற்றதெல்லாம் கத்தும். பயம் வந்தால் வாய்ப்பாடு சொல்லவேண்டும். பங்கரைத் தூர்த்து எவ்வளவோ காலம், மேலே கத்தரிச்செடி நிற்கிறது. ஆனாலும் நான் அதன்மேல் கால் வைப்பதில்லை, சுற்றித்தான் போகிறேன். பேக்கரியில் இயந்திரம் அதிரும்போது, ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று உதடு தானாக அசையும். கூட வேலை செய்பவர்கள் நான் பாடுவதாக நினைக்கிறார்கள்.

நேற்று அண்ணை வெங்காயத்துக்கு இறைக்க வந்தார். மோட்டரைப் போட முன்னர் ஒரு கை தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏன் பெரியப்பா குடிச்சுப் பாக்கிறீங்கள்?" என்றாள் மகள்.

"உப்பு ஏறிட்டுதோ எண்டு, பிள்ளை. அங்காலைத் தோட்டக் கிணறு உப்பாய்ப் போட்டுது. இனி இதுதான் மிச்சம்."

"உங்களுக்குப் பயமில்லையா?"

"பயமில்லாமலோ! விடிஞ்சால் அதுதான் நினைப்பு. உன்ரை கொப்பர் மாதிரி வீரனே நான்?" அண்ணை என்னைக் காட்டிச் சிரித்தார். "உவன் பங்கருக்கை ஏழேழு நாப்பத்தொன்பது தாண்டினதில்லை. அதுக்கிடையிலை காற்சட்டை நனைஞ்சிடும்."

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, நீங்கள் பயந்தனீங்களா?"

இல்லை என்ற சொல் வாய்வரை வந்தது. விழுங்கினேன். "ஓம். சரியான பயம். இப்பவும் இருக்கு."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீயும் அழுவாய் எண்டு நினைச்சன்."

"நான் தனியத்தானே அழுதனான்" என்றாள்.

அண்ணை மோட்டரைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டார். நாங்கள் இருவரும் வெங்காயப் பாத்தி வரம்பில் இருந்தோம். அறிவுரை ஒன்று நாக்கு நுனியில் நின்றது, அதையும் விழுங்கினேன். "சொல்லு பிள்ளை, கேக்கிறன்" என்றேன். அவள் தொடங்கினாள். கடல் ஏறிக் கோப்பாய்க்கு வருவதும் பெரியப்பாவின் கிணறு கெடுவதும் தமிழில் வந்தன. ஐஸ் உருகி வெறுமையாய் நிற்கும் மலைகளும், பனி விழாத மார்கழியும் நோர்வே மொழியில். பயப்படுவதற்கு எனக்கு ஒரு ஊர்தான் இருந்தது. அவளுக்கு இரண்டு. வசனத்தின் நடுவில் அவள் மொழி மாறினாள். தமிழில் சொல்லு என்று வழக்கமாகச் சொல்லும் நான், நேற்றுச் சொல்லவில்லை.