கில்லிலாண்ட் வம்சத்து முக்காலி

வட அயர்லாந்தில் ஆன்ட்ரிம் மாவட்டத்தின் பாலிகிரேன் ஊரில் மெர்வின் கில்லிலாண்டைத் தெரியாத காளை கிடையாது. மாட்டுச் சந்தையின் ஏல மேடையில் முப்பத்தொரு வருடம் நின்று, உள்ளே ஓட்டிவரப்படும் ஒவ்வொரு காளையின் அப்பன், பாட்டன், தாய்வழிப் பாட்டன் பெயர்களையெல்லாம் ஒலிபெருக்கியில் வாசித்தவர் அவர். அதைக் கேட்டுக் காளைகள் தலை நிமிர்ந்ததாகத் தகவல் இல்லை. வாசித்தவர்தான் வருடத்துக்கு வருடம் நிமிர்ந்துகொண்டே போனார். அறுபது வயதில் ஓய்வு பெற்றபோது சந்தைக் குழு அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் வழியில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. கேவலம் ஒரு காளைக்கு ஆறு தலைமுறை இருக்கும்போது, தனக்கு இரண்டுக்கு மேல் தெரியவில்லை.

அந்த இரண்டும் வெளியே சொல்லும்படி இல்லை. அப்பா பன்றி வளர்த்தார். தாத்தா அடுத்தவர் பன்றியை வளர்த்தார்.

மெர்வின் வம்சத்தைத் தோண்டியது அறிவுப்பசியால் என்று நினைப்பவர்கள் பாலிகிரேன் பிரஸ்பிட்டேரியன் சபையின் மூப்பர் தேர்தலைப் பார்த்திராதவர்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை சபையார் தங்களுக்குப் பிடித்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். மூப்பராகிறவர் திருவிருந்தன்று ரொட்டித் தட்டை ஏந்திக்கொண்டு நடுவழியில் நடக்கலாம். அவ்வளவுதான் பதவி. அந்தத் தட்டுக்காக மெர்வின் மூன்று தேர்தல் காத்திருந்தார். மூன்றிலும் அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. கடைசி முறை பால் கறக்கும் இயந்திரம் பழுதுபார்க்கிற ஒருவர் தேர்வானார். "அவனுக்கு பைபிள்ல பாதிதான் தெரியும். அதுவும் படம் போட்ட பாதி" என்று மெர்வின் ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த தேர்தல் சபையின் முந்நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்கு மறு ஞாயிறு என்று அறிவிப்பு வந்தது. இம்முறை ஒரு பரம்பரையோடு போய் நிற்பதென்று அவர் முடிவுசெய்தார்.

கில்லிலாண்டுகள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாலிகிரேனில் அந்தச் சபையைச் சேர்ந்த எல்லாருமே அங்கிருந்து வந்தவர்கள்தான். வானம் வெளுத்திருந்தால் குன்றின்மேல் நின்று எதிர்க்கரையில் காயும் துணியைப் பார்க்கலாம். அவ்வளவு தூரம்தான் அந்த மாபெரும் இடப்பெயர்ச்சி. வரலாற்றில் வாசித்தால், விளைச்சல் பொய்த்து வயிறு காய்ந்து படகேறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாலிகிரேனில் விசாரித்தால் அவர்களில் ஒருவருக்குக்கூடப் பேரன் இல்லை. ஊரில் இருப்பவர்கள் எல்லாரும் வாளோடு வந்தவர்களின் பேரன்கள்.

மெர்வின் முதலில் ஒரு கட்டம்போட்ட ஸ்காட்லாந்துப் பாவாடை வாங்கினார். கில்லிலாண்டுகளுக்கென்று தனிக் கட்டம் எதுவும் இல்லையென்று கடைக்காரர் வருத்தப்பட்டு, கிட்டத்தட்ட அதுமாதிரி ஒன்றை முழு விலைக்குக் கொடுத்தார். கில்லிலாண்டுகள் வாழ்ந்த எய்ர்ஷயர் பக்கத்தில் அந்தக் காலத்தில் யாரும் பாவாடை கட்டியதில்லை என்ற தகவலை அவர் சொல்லவில்லை. ஸ்காட்லாந்துக்குக் கப்பல் போகும் லார்ன் துறைமுகத்தின் காற்றில் முதன்முதலாக அதை உடுத்தி நின்ற மெர்வினைப் பார்த்து அவர் மனைவி ஹேசல், "பரம்பரை வெளிய தெரியுது, மூடு" என்றாள்.

பிறகு எய்ர் நகரத்தில் பழைய ஏடுகளைப் படித்து எழுதித்தருகிற ஒரு பெண்மணியைப் பிடித்தார். அவர் மூன்று வாரத்தில் கடிதம் எழுதினார். கிர்க்டூன் என்ற சபையின் மூப்பர் கூட்டப் பதிவேட்டில், 1681-ஆம் வருடம், தாமஸ் கில்லிலாண்ட் என்ற பெயர் நாற்பத்தாறாம் பக்கத்திலும் நாற்பத்தேழாம் பக்கத்திலும் வருகிறது. பக்கத்துக்கு இவ்வளவு கட்டணம். எத்தனை பக்கம் வேண்டும்? மெர்வின் பிறவிச் சிக்கனக்காரர். ஒரே பெயரை இரண்டு முறை வாசிக்க எதற்கு இரண்டு கட்டணம்? பின்னால் இருப்பதில்தான் விஷயம் முடிந்திருக்கும் என்று கணக்குப்போட்டு நாற்பத்தேழை மட்டும் அனுப்பச் சொன்னார்.

வந்த பக்கத்தை அவர் சமையலறையில் நின்றுகொண்டு, ஏல மேடைக் குரலில் வாசித்தார்.

"ஆகவே மேற்படி தாமஸ் கில்லிலாண்ட் மூன்று ஓய்வுநாட்கள், பிரசங்க பீடத்துக்கு எதிரே உயர்ந்த முக்காலியின்மேல், வெள்ளைத் துணி உடுத்தி, சபையார் அனைவரும் காண அமர்வதென்று மூப்பர்கள் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். முதல் ஓய்வுநாளில் அமர்ந்தார். இரண்டாம் ஓய்வுநாளுக்கு முன் அயர்லாந்துக்குப் போய்விட்டார்."

ஹேசல் உருளைக்கிழங்கு அப்பத்தைத் திருப்பிப் போட்டாள். "வெள்ளைத் துணி எதுக்கு?"

"மரியாதைக்கு. பெரிய ஆளுங்களுக்கு அப்படித்தான்."

"நம்ம சபையில எந்தப் பெரிய ஆள் வெள்ளை போட்டான்? போதகரே கறுப்புதான் போடறாரு."

"அது முந்நூறு வருஷத்துக்கு முந்தி, ஹேசல்."

"மூணு வாரம் உக்காரச் சொன்னா ஒரு வாரத்துல ஏன் ஓடினாரு?"

"ஓடலை. அயர்லாந்து சபை அவசரமா கூப்பிட்டிருக்கும்."

"அதுக்கு முந்தின பக்கத்தையும் வாங்கிப் பாரேன்."

"எனக்கு வேண்டியது இதுலயே இருக்கு" என்றார் மெர்வின். அதில் பொய் இல்லை.

தாமஸுக்கும் மெர்வினின் கொள்ளுத்தாத்தாவுக்கும் நடுவே நூற்றைம்பது வருடம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு ஞானஸ்நானம் இல்லை, ஒரு கல்லறை இல்லை. இவர்கள் அவர் வழிவந்தவர்கள்தானா என்று சொல்ல ஆதாரம் இல்லையென்று அந்தப் பெண்மணி நேர்மையாக எழுதியிருந்தார். ஒரு காளைக்கு இப்படி இடைவெளி இருந்தால் மெர்வின் அதைச் சந்தைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார். தன் விஷயத்தில் தாண்டிக் குதித்தார்.

அடுத்த மாதம் தச்சர் ஒருவர், பதிவேட்டில் கண்டபடி, கருவாலி மரத்தில் மூன்றடி உயர முக்காலி ஒன்று செய்துகொடுத்தார். அதில் ஒரு பித்தளைத் தகடு: "கிர்க்டூன் தாமஸ் கில்லிலாண்ட், சபை முன் உயர்ந்த இடத்தில் அமர்ந்தவர், 1681. அவருடைய நேர் வாரிசு மெர்வினின் அன்பளிப்பு." ஆண்டு விழா ஆராதனையில் முக்காலியைப் பீடத்துக்கு எதிரே வைத்து, முன்னோர் அமர்ந்த விதத்தில் தானே அமர்ந்து காட்டச் சம்மதம் என்று சபைக்கு எழுதினார்.

கடிதம் சபைச் செயலர் ரூபன் கார்ண்டஃப் கைக்குப் போனது. மெர்வினோடு ஒரே பெஞ்சில் படித்தவர். மூன்று தேர்தலிலும் மெர்வினுக்கு எத்தனை சீட்டு விழுந்தது என்று தெரிந்த ஒரே மனிதர், ஒருநாளும் சொன்னதில்லை. சபையின் பழைய ஏடுகள் முழுவதையும் படித்தவரும் அவர்தான்.

"முக்காலி பத்தி மூப்பருங்க என்ன சொன்னாங்க?" என்று மெர்வின் கேட்டார்.

"ஆட்சேபணை இல்லன்னாங்க."

"நீ என்ன நினைக்கற?"

"அளவு சரியா இருக்கு" என்றார் ரூபன். அவர் முகத்தில் ஏதாவது தெரிந்ததா என்றால், வேலிக்கம்பத்தில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரிந்தது. "கிர்க்டூன் போதகரம்மாவை விழாவுக்குக் கூப்பிட்டிருக்கோம். உன் முக்காலியப் பத்தியும் எழுதினேன். ரொம்ப நெகிழ்ந்துபோய் பதில் போட்டிருக்காங்க."

மெர்வின் அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை. ஊர்வலமாகப் போனார், தனியாக.

விழா நாளில் ஆலயம் நிரம்பியது. சபை வரலாற்றுக் கட்டுரை, சங்கீதம், வாழ்த்து எல்லாம் முடிந்தபின் பெயர் அழைக்கப்பட்டது. பாவாடையும் அதற்குமேல் ஹேசலின் நல்ல வெள்ளை மேசைவிரிப்புமாக மெர்வின் எழுந்து வந்து முக்காலியில் ஏறினார். ஏறுவதற்கு இரண்டு முயற்சி பிடித்தது. உட்கார்ந்தபின் கால் தரையைத் தொடவில்லை. முந்நூறு பேர் அவரையே பார்த்தார்கள். வாழ்நாள் முழுவதும் அவர் வேண்டிய பார்வை அது.

கிர்க்டூன் போதகர் மோராக் ஸ்ட்ரேன் பீடத்தில் ஏறினார். கட்டையாக, சிவந்த கன்னத்தோடு, கள்ளமே அறியாத ஒரு பெண்மணி. கையில் பதிவேட்டின் பிரதி இருந்தது.

"நான் போதகரா வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு" என்று தொடங்கினார். "பாவத்தை அறிக்கை பண்ணுங்கன்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். தன் பாவத்தை ஒத்துக்கிறவங்களே அபூர்வம். முன்னோர் பண்ணின பாவத்துக்காக, அதே தண்டனை முக்காலியை தன் செலவுல செஞ்சு, அதே வெள்ளை உடுத்தி, ஊர் முன்னாடி உக்கார்ற மனுஷனை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மெர்வினின் புன்னகை முகத்திலேயே தங்கிவிட்டது, இறங்க வழி தெரியாமல்.

மோராக் நாற்பத்தாறாம் பக்கத்தை வாசித்தார். தாமஸ் கில்லிலாண்ட் என்ற பன்றிக்காரன், தான் நிலப்பிரபுவின் இரத்த உறவென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். கேட்டதற்கு ஒரு நற்சாட்சிக் கடிதத்தைக் காட்டினான். ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போகிறவர்கள் போதகரிடம் வாங்கிப்போகிற கடிதம் அது. விசாரித்ததில், கடிதத்தை எழுதியதும் அவனே, போதகரின் கையெழுத்தைப் போட்டதும் அவனே என்று தெரியவந்தது. ஆகவே மூன்று ஓய்வுநாட்கள் முக்காலி.

ஆலயத்தில் யாரும் சிரிக்கவில்லை. பிரஸ்பிட்டேரியன்கள் ஆலயத்துக்குள் சிரிக்க மாட்டார்கள். பின்வரிசைகளில் தோள்கள் மட்டும் குலுங்கின. ஆனால் முன்வரிசையில் வேறொன்று நடந்தது. பால் இயந்திரக்காரரின் மனைவி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். "இவ்வளவு தாழ்மையா இந்த ஆளுக்கு? நாமதான் தப்பா நினைச்சுட்டோம்" என்று அவள் பக்கத்தில் சொன்னது நாலு பெஞ்சுக்குக் கேட்டது. தலைகள் மெல்ல ஆடின. ரூபன்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மெர்வின் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஒன்றும் செய்யாமல் இருப்பது. தலையைக் கொஞ்சம் தாழ்த்தி இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் இந்தத் தேர்தலில் ரொட்டித் தட்டு கையில். ஹேசல் மூன்றாவது பெஞ்சிலிருந்து உதட்டின்மேல் விரல் வைத்து, கண்ணாலேயே மன்றாடினாள்.

ஆனால் அவர் காதில் விழுந்தது பன்றிக்காரன் என்ற ஒரே சொல். தாழ்மையுள்ளவராக மூப்பராவதைவிட, உயர்ந்தவராகத் தோற்பது மேல் என்று அவருக்குள்ளே ஏதோ ஒன்று முடிவுசெய்தது.

"அது வேற தாமஸ்" என்றார் முக்காலியிலிருந்து.

மோராக் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொன்னீங்க?"

"கிர்க்டூன்ல ரெண்டு தாமஸ் கில்லிலாண்ட் இருந்தாங்க. பன்றிக்காரன் வேற. எங்காளு பிரபுவுக்குச் சொந்தம். எங்க வீட்டுல காகிதம் இருக்கு."

"பதிவேட்டுல ஒருத்தர்தாங்க இருக்கார்" என்றார் மோராக், மிக மெதுவாக.

ரூபன் தன் இருக்கையிலிருந்தே கேட்டார். "நேர் வாரிசுன்னு தகட்டுல அடிச்சிருக்கியே மெர்வின்?"

அந்த நூற்றைம்பது வருட வெறுமை ஒன்றுதான் அவரைக் காப்பாற்றியிருக்கும். அதைப் பித்தளை போட்டு அடைத்ததும் அவர்தான்.

"தச்சன் பண்ணின தப்பு" என்றார் மெர்வின்.

தச்சர் ஐந்தாவது பெஞ்சில் இருந்தார்.

பால் இயந்திரக்காரரின் மனைவி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு தேநீர் வேளையில், முட்டை வெங்காய ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே, எல்லாரும் மெர்வினிடம் வந்து வானிலை பற்றி மட்டும் பேசினார்கள். ரூபன் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். "அவரு ஒரு ஓய்வுநாள்தான் உக்காந்தாரு. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு, மெர்வின். அவசரமில்ல."

மறு ஞாயிறு தேர்தல் நடந்தது. அதற்கடுத்த ஞாயிறு ஏழு பெயர்கள் வாசிக்கப்பட்டன. காரில் திரும்பும்போது மெர்வின் கேட்டார்.

"ரூபன் எண்ணிக்கையில ஏதாவது பண்ணியிருப்பானோ?"

"மூணு தேர்தல்லயும் உனக்கு ஒரு சீட்டு நிச்சயமா விழுந்துது" என்றாள் ஹேசல். "நான் எழுதினது. இந்தத் தடவை எழுதல."

"ஏன்?"

"சும்மா உக்காந்திருந்தா எழுதியிருப்பேன். அவ்வளவு சுலபமா இருந்துது."

அதன்பிறகு மெர்வினுக்கு பாலிகிரேன் சபையில் ஆன்மிகம் குறைந்துவிட்டதாகத் தோன்றியது. பதினோரு மைல் தள்ளி இன்னொரு சபை இருந்தது. அங்கே அடுத்த வருடம் மூப்பர் தேர்தல் என்று விசாரித்தும் வைத்திருந்தார். சபை மாறுகிறவர் பழைய சபையிலிருந்து கடிதம் கொண்டுபோக வேண்டும் என்ற வழக்கம் இன்னும் மாறவில்லை. ரூபன் அன்றே எழுதி ஒட்டாத உறையில் போட்டுக்கொடுத்தார். முக்காலியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறாயா என்றும் கேட்டார். மெர்வின் வேண்டாமென்றார். இன்றைக்கும் அது சபைக் கூடத்தில் இருக்கிறது. விளக்கு மாற்ற உயரம் கச்சிதம்.

காரில் உட்கார்ந்து மெர்வின் கடிதத்தைப் பிரித்தார். "மெர்வின் கில்லிலாண்ட் முப்பத்தேழு வருடம் இச்சபையின் அங்கத்தினர். காணிக்கை ஒழுங்காகச் செலுத்தியவர். தற்போது விலகுகிறார்." கீழே ரூபனின் கையெழுத்து. கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை வெற்றிடம்.

"ஹேசல், உன் பையில கறுப்புப் பேனா இருக்கா?"

"எதுக்கு?"

"ஒரு வரி விட்டுட்டான். மூப்பர் குடும்பம்னு போட மறந்துட்டான்."

ஹேசல் பையை மூடிக் காரைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள். மெர்வின் காரின் முன்பக்கப் பெட்டியில் துழாவிப் பேனாவைக் கண்டுபிடித்தார். ரூபனின் எழுத்துச் சாய்வை ஒருமுறை கூர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். அவர் கிர்க்டூன் தாமஸின் நேர் வாரிசுதானா என்பதில் எய்ர் பெண்மணிக்கு இருந்த சந்தேகம் அந்த ஒரு வரியில் தீர்ந்தது.