ஹீட்டருக்குள் அட்சதை

இன்று மதியம் என் மாமியார் மெட்ராஸிலிருந்து டொர்வால் விமான நிலையத்தில் வந்து இறங்க வேண்டும். மாண்ட்ரியல் முழுக்கப் பனி கொட்டுகிறது. என் கார் ஹீட்டரோ காலையிலிருந்து மூச்சே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் கிடையாது. டாஷ்போர்டை நானே கழற்றினேன். எனக்குத் தெரிந்த ஒரே ரிப்பேர், எதையும் இரண்டு தட்டுத் தட்டுவதுதான்.

மனைவி கமலா ஜன்னலிலிருந்து கத்தினாள். "அம்மா நூல் புடவையில வராங்க. வண்டியிலேயே விறைச்சுப் போயிடுவாங்க!"

"உங்கம்மா முறைச்சா பனியே உருகிடும்டி!" என்றேன்.

உள்ளே ஃபேனை இறுக்கிப் பிடித்திருந்தது மஞ்சள் அரிசி! புது வண்டிப் பூஜையில் கமலா டாஷ்போர்டுப் பிள்ளையார் மேல் தூவிய அட்சதையும் விபூதியும் காற்றுத் துவாரத்தில் இறங்கியிருக்கின்றன. அரிசியை நோண்டி எடுத்ததும் ஃபேன் மெல்லச் சுற்றியது. விபூதியை யார் துடைப்பது? விட்டுவிட்டேன்.

கமலாவும் நானும் விமான நிலையம் போனோம். அத்தை நடுங்கிக்கொண்டே முன் சீட்டில் ஏறினார். ஹீட்டரை முழு வேகத்தில் திருப்பினேன். சூட்டோடு விபூதியும் பறந்து அவர் முகமெல்லாம் அப்பியது.

அத்தை கண்ணை மூடியபடியே கைகூப்பினார். "ஏண்டி கமலா, இந்த ஊர்ல பிள்ளையாரே பூசி விடறாரா?"

டாஷ்போர்டை மூடிய பிறகும் என் சட்டைப்பையில் நான்கைந்து திருகாணி மிச்சம். எங்கே மாட்டுவதென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அத்தை காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.