என் மகனுக்கு நான் பொறுக்கிய படங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கெட்ட தகப்பன் இல்லை. கெட்ட தகப்பனாக இருந்திருந்தால் இப்படி மூக்கறுபட்டிருக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

சவூதியில் ஒரு துணிக்கடையில் வேலை. அங்கே மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் கடை அடைப்பு. அறையில் ஆறு பேர், இரண்டடுக்குக் கட்டில்கள். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவார்கள். நான் கீழ்க்கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பொம்மைப் படம் பார்ப்பேன். முப்பத்தாறு வயது ஆள், தாடி வைத்த ஆள். எல்லாம் தென்காசியில் மாடி வீட்டில் தாயோடு இருந்த என் மகனுக்காக.

போன விடுப்பில் வந்தபோது அவனுக்கு எட்டு மாதம். மடியில் வைத்தால் சட்டையை நனைப்பான், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அந்த விடுப்பில்தான் பெரிய டிவி வாங்கி, என் போனில் இருக்கும் அதே கணக்கை அதிலும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன். நான் சவூதியில் ஒரு படத்தைச் சேர்த்தால் ஊரில் டிவியில் வந்து நிற்கும். அங்கே என்ன ஓடியது என்பது என் போனில் தெரியும். எவ்வளவு ஓடியதோ அவ்வளவு தூரம் படத்துக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு. யா அல்லா, அந்தச் சிவப்புக் கோட்டை நான் எத்தனை மதியம் பார்த்துப் பூரித்திருக்கிறேன்!

வீடியோ காலில் அவன் என்னைப் பார்க்க மாட்டான். போனைப் பிடுங்குவான், சிவப்பு பட்டனை அமுக்குவான், முகம் மறையும். அதனால் எனக்கு வேறு வழி இல்லை. இந்தப் பிள்ளைக்கு நான் தகப்பன், வாப்பா என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்றை நான் செய்தாக வேண்டியிருந்தது. சோறு ஊட்ட முடியாது, குளிப்பாட்ட முடியாது. அவன் என்ன பார்க்கிறான் என்பதையாவது நான் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

விதி வைத்தேன். சண்டை கூடாது. கீச்சென்று கத்தக் கூடாது. கலர் முட்டையை உடைத்து உள்ளே பொம்மை எடுக்கும் அந்தக் கேவலம் அறவே கூடாது. பத்து வினாடிக்கு ஒரு தரம் காட்சி மாறினால் அது தள்ளுபடி. தமிழ் தமிழாக இருக்க வேண்டும், ஆங்கிலம் அரைமணிக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொன்றையும் முழுக்க நான் பார்த்துத்தான் சேர்ப்பேன். அப்படிக் கிடைத்ததுதான் நத்தைப் படம், கதை கதையாக நாற்பது நிமிடம். ஒரு நத்தை தோட்டத்தில் ஊர்ந்து போகும், வழியில் ஒரு இலையைப் பார்க்கும், நின்று நிதானமாக அதோடு பேசும். ஆரம்பத்தில் ஒரு புல்லாங்குழல் பாட்டு. இதைவிட நல்ல படம் ஒரு பிள்ளைக்கு உலகத்திலேயே கிடையாது என்று முடிவு கட்டினேன்.

ஊரில் தினமும் மாலை ஐந்தரைக்கு அது ஓட வேண்டும். எனக்கு அப்போது மணி மூன்று, கையில் போனோடு காத்திருப்பேன்.

ஆரம்பத்தில் ஒழுங்காக நடக்கவில்லை. கோடு கால்வாசியில் நிற்கும். ஒருநாள் நத்தைக்குப் பதிலாக ஏதோ ஒரு சீரியல் ஓடியிருந்தது. எனக்கு வந்ததே கோபம், உடனே மனைவிக்குப் போனைப் போட்டேன்.

"பிள்ளைக்கு மாமியார் மருமக சண்டையா காட்டுத?"

"கை தவறிப் பட்டுட்டு மச்சான்."

"ஒரு மணி நேரம் கை தவறுமா?"

சாரலில் பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போகாதே, சளி பிடிக்கும், உட்கார வைத்து நான் போட்டதைக் காட்டு என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. தினமும் ஐந்தரைக்குத் தொடங்கும், கோடு கடைசி வரை போகும்.

அறையில் எனக்கு மேல்கட்டிலில் தென்காசிப் பக்கத்துச் சுரண்டைக்காரர் ஒருவர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. அவரிடம் பீற்றிக்கொண்டேன்: "எம்பிள்ளை ஒரு படத்தையும் பாதியில விட மாட்டான் அண்ணாச்சி."

"ரெண்டரை வயசுப் பிள்ளையா? அசையாம உக்காந்தா பாக்கான்?" என்று கட்டிலிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார்.

பொறாமை என்று நினைத்தேன். நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார எந்தப் பிள்ளையால் முடியும்? எனக்கு அது உறைக்கவே இல்லை. கூமுட்டை.

இந்த ஆனியில் விடுப்பு கிடைத்தது. திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை தாண்டும்போதே முகத்தில் சாரல் அடித்தது. வீட்டில் அவன் தாயின் காலுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தான். பரவாயில்லை, எங்களுக்குள் பொதுவாக நத்தை இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும். எந்தக் கதையில் தவளை வரும், எதில் மழை வரும் என்று மனப்பாடம்.

மூன்றாம் நாள் மாலை ஐந்தரைக்கு அவனைத் தூக்கி மடியில் வைத்து, டிவியைப் போட்டேன். புல்லாங்குழல் ஒலித்தது. பிள்ளையின் முகம் மலர்ந்தது பாருங்கள், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்குத்தானே இத்தனை மதியத் தூக்கத்தை விட்டேன்! மடியிலிருந்து வழுக்கி இறங்கினான். ஆடப் போகிறான் என்று நினைத்தேன். நேரே வாசலுக்கு ஓடினான். குந்தி உட்கார்ந்து, தன் செருப்பை எடுத்து இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"உம்மா! ஆத்துக்கு! ஆத்துக்கு!" என்று தாயைக் கூப்பிட்டுக் கத்தினான்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. டிவியில் நத்தை நடந்து வந்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு அந்தப் பாட்டு வெளியே கிளம்புவதற்கான மணி.

அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். நான் கேட்டேன், "இவன் ஆத்துக்குன்னு சொல்லுதான். என்ன நடக்குது இங்கன?"

"மொதல்ல உக்கார வச்சுத்தான் பாத்தேன் மச்சான். மூணு நிமிசம் இருப்பான், எந்திச்சு ஓடிருவான். பாதியில அமத்துனா நீங்க போன் பண்ணுதீங்க. ஏன் அமத்துன, ஏன் மாத்துனன்னு. அதான் ஓட விட்டுட்டு இவனைக் கூட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போயிட்டு வந்தேன். தண்ணியில கல்லு எறிவான்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

ஆக, ஒன்றரை வருடமாக ஆளில்லாத அறையில் நத்தை ஊர்ந்திருக்கிறது. உலகத்திலேயே அந்தப் படத்தை உட்கார்ந்து பார்த்த ஒரே ஆள் நான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. கத்தினேன். நான் அங்கே கிடந்து சாகிறேன், நீ இங்கே எனக்குப் படம் காட்டுகிறாயா என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது, நான் நிறுத்தவில்லை. பொய்க்காரி என்றேன். அந்த வார்த்தையைப் பிள்ளைக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"என்ன பாத்தான், எவ்வளவு பாத்தான்னுதான் தெனமும் கேட்டீங்க. பிள்ளை என்ன செய்தான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அது ஓடுற நேரந்தான் நீங்க போன் பண்ண மாட்டீங்க. அந்த முக்கா மணி நேரந்தான் எங்களுக்கு நிம்மதி."

நான் தகப்பனாக இருந்த நேரம் என்று எதை நினைத்தேனோ, அது அவர்கள் என்னிடமிருந்து தப்பித்த நேரம். பிள்ளை வாசலில் செருப்போடு நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று மறுவாரம் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். என் தோளில் உட்கார்ந்து அவன் அருவியில் நனைய வேண்டும், அவன் சிரிக்க வேண்டும், அதை நான் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தூக்கிக்கொண்டு பத்தடி போகவில்லை, அலறினான். உடம்பை வில்லாக வளைத்து, பெண்கள் பக்கம் கையை நீட்டி, "உம்மா, உம்மா" என்று துடித்தான். வரிசையில் நின்ற ஒருவர், "ஏலே, பிள்ளையத் தாய்கிட்ட குடுடே, பாவம்" என்றார். கொடுத்துவிட்டேன். பெண்கள் பக்கத்தைப் பிரிக்கும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் இடுப்பில் ஏறியதும் அழுகை நின்றது. உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்து அவள் முகத்தில் அடித்தான். உடம்பெல்லாம் எண்ணெய் தடவிய ஆம்பிளைகளுக்கு நடுவில் நின்று நான் அதைப் பார்த்தேன். பெற்ற பிள்ளையைப் பார்த்து வயிறெரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு நான் டிவியைத் தொடவில்லை. மிட்டாய், பந்து, கார் என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்தேன். வாங்கிக்கொள்வான், தாயிடம் கொண்டுபோய்க் காட்டுவான். என் விரலை அவன் தானாக ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. நானாகப் பிடித்தால் உருவிக்கொள்வான்.

கிளம்புவதற்கு முந்தின நாள். ஐந்தரை ஆனது. அவளிடம், "இன்னிக்கு நானும் ஆத்துக்கு வாறேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தான். பிறகு என் சுண்டுவிரலைப் பிடித்தான். அவனாகவே பிடித்தான். அவளைப் பார்த்தேன், அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இழுத்தான், பின்னால் போனேன். வாசலுக்குப் போகவில்லை. டிவிக்கு எதிரே இருந்த நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு கையாலும் என் முழங்காலைத் தள்ளி உட்கார வைத்தான். ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்தான்.

"வாப்பாக்குப் போட்டாச்சி. வா உம்மா, போவோம்" என்றான்.

அச்சு அசல் அவள் குரல். தினமும் டிவியைப் போட்டுவிட்டு அவள் சொன்ன வார்த்தை அது. அவள் தரையைப் பார்த்தாள். கூப்பிடுவாளா என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். பிள்ளை அவள் சேலையைப் பிடித்து இழுத்தான், இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

நான் டிவியைப் போட்டேன். கடைசி வரை பார்த்தேன்.